பத்து மணிக்கு வெளியே, ஐந்து மணிக்கு உள்ளே

ஐவி ஹோல்ராய்ட் எட்டு வருடம் தவறாமல் மிஸஸ் கேப்ஸ்டிக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை அனுப்பினாள். ஒரு வருடம் குருவி படம், ஒரு வருடம் பனி மூடிய தேவாலயம். கடையில் நின்று நிதானமாகப் பொறுக்குவாள். உள்ளே எழுதும் வாசகம் மட்டும் மாறாது. 'உங்கள் பழைய வீடு நன்றாக இருக்கிறது. ஏதாவதொரு கோடையில் வந்து எங்களோடு ஒரு வாரம் தங்கிவிட்டுப் போக வேண்டும்.' படிக்கிறவர்களுக்கு என்ன தங்கமான மனசு என்று தோன்றும். அது எலிப்பொறிக்கு வைக்கிற தீனி என்பது அவள் கணவன் வில்ஃப் ஒருவனுக்குத்தான் தெரியும்.

எட்டாவது அட்டைக்குப் பதில் வந்தது. கூட இருந்த அக்காவும் போய்ச் சேர்ந்துவிட்டாள், கெண்டலில் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆகஸ்டில் ஆலைகள் விடுமுறைக்கு மூடும் வாரத்தில் வரலாமா, அந்த வாரம்தான் வீடு கலகலப்பாக இருக்கும் என்று மிஸஸ் கேப்ஸ்டிக் எழுதியிருந்தாள். ஐவி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். அடுப்பில் முட்டை பொரித்துக்கொண்டிருந்த வில்ஃபின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"வர்றா" என்றாள்.

"அதுக்கு இப்ப எழுபது தாண்டியிருக்கும், ஐவி. கெழவி."

"சாகறப்ப எங்கம்மாவுக்கு முப்பத்தி மூணு."

வில்ஃப் முட்டையைத் திருப்பிப் போட்டான். இந்தப் பேச்சில் தனக்கு இடம் இல்லை என்று அவன் கல்யாணமான முதல் மாதமே தெரிந்துகொண்டவன்.

நடந்தது இதுதான். 1936இல் ஐவிக்குப் பத்து வயது. அம்மா மேபல் ரஷ்வொர்த்துக்கு பிராட்ஃபோர்டில் கம்பளி ஆலையில் வேலை. அப்பா என்று ஒருவர் கிடையாது. வருடம் முழுக்கச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஆலை மூடும் வாரத்தில் தெருவே கிளம்புகிறபோது மேபலும் மகளைக் கூட்டிக்கொண்டு மோர்க்கம் கடற்கரைக்கு ரயிலேறினாள். தங்கியது மிஸஸ் கேப்ஸ்டிக்கின் விடுதியில், மாடிப் பின்னறை. விருந்தாளியைப் பகலில் வீட்டுக்குள் வைத்துக்கொள்ளும் வழக்கம் அந்த ஊர் விடுதிக்காரிகளுக்குக் கிடையாது. காலைச் சாப்பாடு முடிந்தால் தெரு, மாலைச் சாப்பாட்டுக்கு வீடு. மற்றவர்கள் வாயால் சொல்வதை மிஸஸ் கேப்ஸ்டிக் பலகையில் எழுதிக் கூடத்தில் மாட்டியிருந்தாள். பத்து மணிக்கு வெளியே, ஐந்து மணிக்கு உள்ளே.

புதன்கிழமை மேபலுக்குக் காய்ச்சல். வெளியே காற்றும் மழையும். ஒரே ஒரு மணி நேரம் படுத்துக்கொள்கிறேன், சத்தம் போட மாட்டோம் என்று கேட்டாள். கேட்டாள் என்ன, கெஞ்சினாள். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், மிஸஸ் ரஷ்வொர்த்" என்றாள் மிஸஸ் கேப்ஸ்டிக். அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விழுந்தது. கடலைப் பார்த்த நடைபாதையில் மழைக்கு ஒதுங்குகிற மண்டபம் ஒன்று உண்டு, மூன்று பக்கம் கண்ணாடி, ஒரு பக்கம் திறப்பு. அந்தத் திறந்த பக்கமாகத்தான் அன்று காற்று அடித்தது. அம்மாவும் மகளும் அங்கே ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். ஐவி தன் கோட்டை அம்மா முழங்காலில் போட்டாள். அம்மா அதை மறுபடி மறுபடி எடுத்து மகளுக்குப் போட்டாள். அடுத்த பிப்ரவரியில் மேபல் செத்துப்போனாள். நெஞ்சில் கம்பளித் தூசி அடைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். டாக்டருக்கு என்ன தெரியும். ஐவியின் கணக்கில் அம்மாவைக் கொன்றது அந்தத் தாழ்ப்பாள்.

சித்தி வீட்டில் வளர்ந்தாள், ஆலைக்குப் போனாள், வில்ஃபைக் கட்டிக்கொண்டாள், இரண்டு பேருமாகப் பொரித்த மீன் கடை ஒன்று நடத்தினார்கள். 1953இல் மோர்க்கமில் அந்த வீடு விலைக்கு வருகிறது என்று பத்திரிகையில் பார்த்த அன்றே கடையை விற்கச் சொன்னாள். வக்கீல் மூலமாகவே எல்லாம் முடிந்தது. மிஸஸ் கேப்ஸ்டிக் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வீட்டில் ஐவி எல்லாவற்றையும் மாற்றினாள், பலகையைத் தவிர. ஆனால் அதன்படி நடக்கவும் இல்லை. மழை பெய்தால் முன்னறையில் கணப்பை மூட்டிச் சீட்டுக்கட்டை எடுத்துப் போட்டுவிடுவாள். அதனாலேயே அவளுடைய விடுதிக்கு வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். பலகையைப் பார்த்து வேடிக்கை பேசுவார்கள். அது தங்களுக்கானது இல்லை, வேறொருத்திக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த வேறொருத்தி ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சின்னப் பெட்டியும் நீலத் தொப்பியுமாக வந்து இறங்கினாள். ஐவி மனதில் வைத்திருந்த ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆகிருதி. வந்தது ஒரு சுருங்கிப்போன கிழவி. வாசலில் நுழைந்ததும் மாடிப்படிக் கைப்பிடியில் விரலை ஓட்டித் தூசி இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு பலகையைப் பார்த்தாள்.

"அட, இது இன்னும் இருக்கா? முதல் வேலையா அடுப்புல போட்டிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்."

"நல்ல சட்டம். எதுக்கு மாத்தணும், மிஸஸ் கேப்ஸ்டிக்?"

"கெட்டிக்காரப் பொண்ணு" என்றாள் கிழவி.

ஐவி அவளுக்கு மாடிப் பின்னறையைத்தான் கொடுத்தாள். நடுவில் குழி விழுந்த கட்டிலைப் பரணிலிருந்து வில்ஃபை விட்டு இறக்கிப் போட வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மிஸஸ் கேப்ஸ்டிக் சமையலறைப் பக்கமாக வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"நான் பாட்டுக்கு இங்க ஓரமா உக்காந்து பட்டாணி உரிக்கிறேன், கண்ணு. வேலை செஞ்ச கை, சும்மா இருக்காது."

"மணி பத்து ஆயிடுச்சு, மிஸஸ் கேப்ஸ்டிக்."

கிழவி கடிகாரத்தைப் பார்த்தாள். ஐவியைப் பார்த்தாள். "நானுமா?"

"எல்லாரும்தான்."

"நான் எங்கம்மா போவேன்?"

"விருந்தாளிங்க எங்க போவாங்களோ, அங்கதான்."

கிழவி வாசற்படியில் கையுறையை மாட்டிக்கொண்டு நின்றாள். ஐவி தாழ்ப்பாளைப் போட்டாள். மெதுவாகப் போடவில்லை, அந்தச் சத்தம் வெளியே நன்றாகக் கேட்க வேண்டும் என்று போட்டாள். அப்புறம் ஜன்னல் திரையை ஒதுக்கி, இடமா வலமா என்று தெரியாமல் தெருவில் முழித்த நீலத் தொப்பியை ஆசை தீரப் பார்த்தாள். இருபத்தைந்து வருடம். அன்று முழுவதும் வேலை செய்துகொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். வில்ஃப் அதைக் கேட்டுக் கலங்கினான்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தபோது மிஸஸ் கேப்ஸ்டிக் காலுறையையும் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முழங்கால் வரை மணல். முகம் சிவந்து கிடந்தது.

"கடல்ல இறங்கினேன்" என்று சாப்பாட்டு மேசையில் உட்காரும் முன்பே எல்லோருக்கும் அறிவித்தாள். "நாப்பது வருஷம் இந்த ஊர்ல குப்பை கொட்டியிருக்கேன். கோடை பூரா கரண்டியும் விளக்குமாறும்தான். தண்ணியில காலை வைச்சது இன்னிக்குத்தான். ஐயோ, என்னா ஜில்லு. யாராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

மேசையே சிரித்தது. ஐவி பன்றித்தொடைக் கறித் துண்டுகளைக் கொண்டுவந்து வைத்தாள். கிழவிக்கு மட்டும் காகிதம் மாதிரி அரிந்த துண்டு. கிழவி அதை முள்கரண்டியால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"பரவாயில்லையே. ஆனா என் கை இதைவிட மெலிசா அரியும். கத்தியைக் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிக்கணும், கண்ணு. தட்டுல பூப்போட்டிருந்தா அந்தப் பூ தெரியணும்." பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துச் சொன்னாள்: "சரியான கையிலதான் வீட்டைக் கொடுத்திருக்கேன். இவ என்னை மாதிரியே."

ஐவி சட்டென்று சமையலறைக்குத் திரும்பினாள். இதைவிடப் பெரிய வசவை அவள் வாழ்நாளில் வாங்கியதில்லை.

திங்கட்கிழமை கடற்கரையில் கழுதைச் சவாரி விடுகிறவனோடு தகராறு. குழந்தைகளைத்தான் ஏற்றுவேன் என்று அவன் சொல்ல, இப்போது ஏறி இறங்கிய குண்டுப் பயலைவிட நான் கனமா, எடை பார்க்கும் இயந்திரத்துக்கு வா என்று கிழவி அவன் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். கடைசியில் மணலில் ஒரு நடை ஏற்றிவிட்டான். கழுதையின் பெயர் டச்சஸ். செவ்வாய்க்கிழமை கடற்பாலத்தின் முனை வரை போனாள். பொம்மலாட்டத்தில் பஞ்ச் என்கிற கோமாளி தன் பெண்டாட்டியை அடித்தபோது எழுந்து நின்று அவனை மூன்று முறை ஏசினாள். காகிதப் பொட்டலத்தில் குட்டி இறால் வாங்கி ஒவ்வொன்றாக உரித்துத் தின்றுகொண்டு, விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் தெரிந்த மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் இதையெல்லாம் அவள் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். யாரும் குடிக்க மாட்டார்கள்.

தான் தண்டிக்க நினைத்தவளுக்குத் திருவிழா நடத்திக்கொண்டிருந்தாள் ஐவி. ஆனாலும் ஐவி விடவில்லை. முட்டையைக் கல்லாக அவித்தாள், கிழவிக்குப் பல் கட்டியிருந்ததால் அதில் சுகம் கண்டாள். ரொட்டியின் அடித்துண்டைக் கொடுத்தாள். குளிக்க வெந்நீர் தீர்ந்துவிட்டது என்றாள். "நானும் அப்படித்தான் சொல்வேன்" என்று கிழவி கண்ணடித்தாள்.

"தோத்துட்ட, ஐவி" என்றான் வில்ஃப், பாத்திரம் துடைத்துக்கொண்டே. "விட்டுடு. பாவம், அது சந்தோஷமா இருக்கு."

"இன்னும் மழை வரல" என்றாள் ஐவி.

புதன்கிழமை வந்தது. விடியும்போதே வானம் தரைக்கு இறங்கிவிட்டது. கடலிலிருந்து வந்த காற்று மழையைப் படுக்கவைத்து ஜன்னலில் அறைந்தது. தெரு முனை தெரியவில்லை. ஐவி அன்றைக்கு நல்ல உடுப்பை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

வழக்கம்போல முன்னறையில் கணப்பு எரியும் என்று மற்ற விருந்தாளிகள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வருடமாக வருகிற மிஸஸ் ஜோவெட், நூற்பாலையில் வேலை செய்கிறவள், தன் சின்னப் பெண்ணோடு சீட்டுக்கட்டை எடுத்தே விட்டாள். அந்தப் பெண்ணுக்கு இரண்டு நாளாக இருமல். வில்ஃப் ஐவியைச் சமையலறைக்குள் இழுத்தான்.

"கெழவியைத் துரத்து, உன் இஷ்டம். மத்தவங்களை எதுக்கு?"

"அவங்களை உள்ள வைச்சா அவளையும் வைக்கணும். அவளை மட்டும் துரத்தினா, இது வன்மம்னு சொல்லிடுவா. சட்டம்னு சொல்ல முடியாம போயிடும். எனக்கு அவ வாயை அடைக்கணும், வில்ஃப். அவ சொன்ன அதே வார்த்தையால அடைக்கணும்."

"அந்தப் புள்ள இருமுது, ஐவி."

"ஒரு நாள்தானே."

கூடத்துக்கு வந்து நின்றாள். கடிகாரம் பத்து அடித்து முடிக்கும் வரை பொறுத்தாள். மிஸஸ் ஜோவெட் முதலில் இது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள்.

"இந்த மழையிலயா? போன வருஷமெல்லாம் நீங்களே பிஸ்கட் கொண்டுவந்து கொடுத்தீங்களே, மிஸஸ் ஹோல்ராய்ட். இவளுக்கு நெஞ்சு கட்டியிருக்கு. மத்தியானம் வரைக்கும் ஒரு மூலையில உக்காந்திருக்கோமே."

ஐவி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்த கிழவியைப் பார்த்துச் சொன்னாள்: "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான், மிஸஸ் ஜோவெட்."

சொல்லும்போது நாக்கில் இனித்தது. கிழவிக்குத் தூக்கிவாரிப் போடும் என்று எதிர்பார்த்தாள். கிழவி அந்தச் சிறுமியின் கழுத்துப்பட்டையை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். கேட்டதாகவே தெரியவில்லை. எல்லோரும் போனார்கள். தாழ்ப்பாள் விழுந்தது.

ஐவி சமையலறையில் உட்கார்ந்து மழையைக் கேட்டாள். இப்போது நனைகிறாள். இப்போது குளிர் எலும்புக்குள் இறங்குகிறது. எங்கும் கடை திறந்திருக்காது, கழுதை வராது, பாலத்தின் கதவைச் சாத்தியிருப்பார்கள். அந்த மண்டபத்தைத் தவிர அவளுக்குப் போக்கிடம் கிடையாது. பதினொன்றரை மணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேள்விப்பட்டால் போதாது, கண்ணால் பார்க்க வேண்டும். பார்ப்பதோடு, எதற்கு இது என்று முகத்துக்கு நேராகச் சொல்லவும் வேண்டும். காரணம் தெரியாமல் நனைகிறவளுக்கு அது வெறும் மழைதானே. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எட்டுக் கோடையில் அவள் பகலில் கடற்கரைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

மிஸஸ் கேப்ஸ்டிக் மண்டபத்தில்தான் இருந்தாள், கோட்டு இல்லாமல். அந்தக் கோட்டு மிஸஸ் ஜோவெட்டின் மடியில் கிடந்த சிறுமியைச் சுற்றியிருந்தது. கிழவி திறந்த பக்கத்தில் காற்றுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்து, எங்கேயோ கெஞ்சி வாங்கிய டீயைக் கோப்பையோடு சிறுமியின் வாயருகே பிடித்துக்கொண்டிருந்தாள். கிழவியின் உதடு நீலமாகியிருந்தது.

ஐவி நேரே போய் அவள் முன்னால் நின்றாள்.

"குளிருதா, மிஸஸ் கேப்ஸ்டிக்?"

"குளிராம? உக்காரு கண்ணு, அந்தப் பக்கம் காத்து கம்மி."

"நான் உக்கார வரல. இதே இடத்துல எங்கம்மா உக்காந்திருந்தா. முப்பத்தாறுல, இதே வாரத்துல, இதே புதன்கிழமை. உடம்பு கொதிச்சுது. ஒரு மணி நேரம் படுக்க எடம் கேட்டா. நீங்க கதவைச் சாத்துனீங்க." மூச்சு வாங்கியது. இத்தனை வருடம் கண்ணாடி முன்னால் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் குறுகிப்போய் வந்தன. "ஆறு மாசத்துல செத்துட்டா. அதுக்குத்தான் உங்க வீட்டை வாங்கினேன். அதுக்குத்தான் உங்களை வரவச்சேன். மேபல் ரஷ்வொர்த். பேரைச் சொல்லுங்க. ஞாபகம் வருதா இல்லையா?"

மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. கிழவி கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். தப்பிக்க வழி தேடுகிறவளின் யோசனை இல்லை அது. உண்மையாகவே தேடினாள், ஒவ்வொரு அறையாகத் திறந்து பார்ப்பதுபோல.

"இல்ல கண்ணு" என்றாள் கடைசியில். "ஞாபகம் இல்ல. பொய் சொல்லி என்ன ஆகப்போகுது? நாப்பது வருஷம், வாரத்துக்குப் பன்னெண்டு பேரு. மழைன்னா எல்லாரும்தான் கேப்பாங்க. எல்லாரையும்தான் அனுப்புவேன்."

"ஒரு உசுரு போயிருக்கு. உங்களுக்கு ஞாபகமே இல்லையா?"

"நீ அவ கூட இருந்த புள்ளையா?"

"ஆமா."

"புள்ளைங்க பேரை நான் கேட்டதே இல்ல. பதிவேட்டுல அம்மா பேரை எழுதி, பக்கத்துல 'குழந்தை ஒன்று'ன்னு போடுவேன். அதனால உன்னையும் தெரியல." கோட்டின் ஓரத்தைச் சிறுமியின் காலடியில் செருகினாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: "இந்தப் புள்ள பேரு என்ன?"

ஐவி வாயைத் திறந்தாள். மூன்று வருடமாக வருகிற பெண். பிஸ்கட் கொடுத்திருக்கிறாள், கட்டில் தட்டிப் போட்டிருக்கிறாள். அந்த வருடப் பதிவேட்டின் பக்கம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது, அவளுடைய கையெழுத்திலேயே: மிஸஸ் ஜோவெட், குழந்தை ஒன்று.

மிஸஸ் ஜோவெட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐவி குனிந்தாள்.

"வீட்டுக்கு வாங்க. கணப்பு மூட்டச் சொல்றேன். இப்பவே வாங்க."

"மணி பன்னெண்டுகூட ஆகல, மிஸஸ் ஹோல்ராய்ட்" என்றாள் மிஸஸ் ஜோவெட். "அஞ்சுக்கு வர்றோம்."

"இல்ல, நான் சொல்றேன்ல. உன் பேரு என்னம்மா?" ஐவி சிறுமியின் முன்னால் ஈரத் தரையில் முழங்காலிட்டாள். "எனக்குத் தெரியல. சொல்லு, கண்ணு."

சிறுமி கோட்டுக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள், கோட்டின் பொத்தான்களைப் பார்த்தாள், முகத்துக்கு வந்து அங்கேயே நின்றாள். அவசரமே இல்லை அந்தப் பார்வையில். அது என்ன வேலை செய்கிறது என்று ஐவிக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பத்து வயதில் இதே மண்டபத்தில் உட்கார்ந்து அவள் செய்த வேலை அது: ஒருத்தியை மறக்காமல் மனதில் எழுதிவைப்பது.

மகள் பேசாததைக் கண்டு தாய் பதில் சொல்ல வாயெடுத்தாள். சிறுமி கோட்டுக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து அம்மாவின் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதம்மா" என்றாள், ஐவியைவிட்டுக் கண்ணை எடுக்காமலேயே.